பாஷாணம் கூடிப்போன ரொட்டி

கீழப்பாவூரை வைத்து ஒரு மர்மக் கொலைக் கதை எழுதுவது ஆகாத காரியம். சின்ன ஊர், ஒரு ரொட்டிக் கடை, கேக்கைத் தின்றதும் ஊர்ப் பெரிய மனிதர் மண்டையைப் போடுவார், கம்பளி பின்னிக்கொண்டே ஒரு கிழவி துப்பறிவாள் என்று இங்கிலீஷ்காரன் எழுதுவானே, அந்தச் சரக்கு இங்கே செல்லாது. செத்தவருக்கு மாலை வந்து சேருமுன் யார் செய்தது, எந்த வரப்புத் தகராறு என்பதெல்லாம் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை வரை போய்த் திரும்பியிருக்கும். கிழவிக்கு வேலையே இல்லை. அவள்தான் முதல் ஆளாகச் சொல்லியிருப்பாள்.

ஆனால் அப்படியொரு கதை நிஜமாகவே நடந்திருக்கிறது. ஊர் ஹாங்காங். தின்றவர்கள் சாட்சாத் இங்கிலீஷ்காரர்களே.

1857 ஜனவரி 15. அபின் வியாபாரத்துக்காகச் சீனாவோடு இரண்டாவது தடவையாக மல்லுக்கு நின்ற காலம். முந்தைய அக்டோபரில்தான் கான்டன் நகரத்தின்மேல் பீரங்கிக் குண்டு பொழிந்திருந்தார்கள். ஒருத்தன் ஊரைக் கொளுத்திவிட்டு, மறுநாள் அவன் ஆளிடமே ரொட்டி வாங்கித் தின்பதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். அது துரைமார்களிடம் நிறையவே இருந்தது. எசிங் பேக்கரி ரொட்டி வழக்கம்போல வீடு வீடாக வந்தது. வெண்ணெய் தடவித் தின்றார்கள். அரைமணி நேரத்தில் ஹாங்காங்கின் வெள்ளைக்கார வீடுகள் முழுக்க ஒரே சத்தம்.

முந்நூறு பேருக்கு மேல் வாந்தி. ஆளுநர் ஜான் பௌரிங்கின் மனைவியும் அதில் அடக்கம். ரொட்டியில் இருந்தது வெள்ளைப் பாஷாணம். அன்றைக்கு ஓர் உயிரும் போகவில்லை. காரணம், போட்டவன் கை தாராளம். புதுச் சமையல்காரன் சாம்பாருக்கு உப்பை அள்ளிக் கொட்டின மாதிரி பாஷாணத்தைக் கொட்டிவிட்டான். வயிறு தாங்காமல் அத்தனையையும் உடனே வெளியே தள்ளிவிட்டது. கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டியிருந்தால் ஹாங்காங்கின் சரித்திரமே வேறு. பின்னாளில் நேர்ந்த இரண்டு மூன்று சாவுகளை இந்தக் கணக்கில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

பேக்கரி முதலாளி சியோங் ஆ லம் அன்று காலைதான் பெண்டாட்டி பிள்ளைகளோடு மக்காவ் நகருக்குக் கப்பல் ஏறியிருந்தார். இது போதாதா? பிடித்துக்கொண்டு வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் குடும்பமும் அதே ரொட்டியைத் தின்று கப்பலிலேயே வாந்தி எடுத்திருக்கிறது. மர்மக் கதை ஆசிரியன் எவனும் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பான்.

வியாபாரிகள் விசாரணை எதற்கு, கயிறு எங்கே என்று குதித்தார்கள். கோர்ட்டில்தான் தீர்க்க வேண்டும் என்று பௌரிங் ஒற்றைக் காலில் நின்றார். பெண்டாட்டி படுக்கையில் கிடக்கும்போது அப்படி நின்றதற்காக அந்த மனிதரைக் கொஞ்சம் மெச்சலாம். பிப்ரவரியில் வழக்கு. ஓர் ஊருக்கே விஷம் வைத்ததற்கு எந்தச் சட்டப் பிரிவு என்று தெரியாமல் விழித்துவிட்டு, அரசாங்க மருத்துவர் டெம்ப்ஸ்டரைக் கொல்ல முயன்றதாக எழுதினார்கள். தலைமை நீதிபதி ஹியூம் ஆசனத்தில் அமர்ந்தார். அவரும் அந்த ரொட்டியைத் தின்றவர்! கட்டிலில் கிடந்தவரே தராசைப் பிடித்தும், ஜூரிகள் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றார்கள். விடுதலை. உடனே சந்தேகத்துக்குரியவர் என்று சொல்லி மறுபடியும் உள்ளே போட்டார்கள். சில மாதம் கழித்து, ஊரைவிட்டுப் போனால் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். நிரபராதி என்ற பட்டமும் நாடுகடத்தலும் ஒருசேர வாங்கினவர் அவர். பத்திரிகைக்காரர் வில்லியம் டாரன்ட் அவர்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டு 1,010 டாலருக்குத் தீர்ப்பும் வாங்கினார். வசூலிக்கப் போனால் ஆள் ஊரில் இல்லை.

இதே 1857-இன் தொடக்கத்தில் வட இந்தியாவில் இன்னொரு மாவு மர்மம். ஒரு கிராமத்துக் காவல்காரன் அடுத்த கிராமத்துக் காவல்காரனுக்குச் சப்பாத்தி கொடுப்பான். அவன் மேலும் சுட்டு அதற்கடுத்த ஊருக்கு அனுப்புவான். மதுரா மாஜிஸ்திரேட் மார்க் தார்ன்ஹில்லின் மேஜைக்கே நாலு வந்து சேர்ந்தன. எதற்கு என்று கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. பாஷாணம் இல்லை, சீட்டு இல்லை, வெறும் சப்பாத்தி. துரைமார் அதற்கே நடுங்கினார்கள். மே மாதம் மீரட்டில் கலகம் வெடித்ததும், சீனாவை அடிக்கப் புறப்பட்ட பட்டாளத்தை பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார்.

ஹாங்காங்கில் பாஷாணம் போட்டது யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆ லம் செய்யவில்லை என்பதுதான் என் கட்சி. சொந்தப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு எவனும் ஊருக்கு விஷம் வைக்க மாட்டான். போர்க்காலத்தில் கூலிக்காரன் எவனோ செய்திருக்கலாம். தடயம் மட்டும் பத்திரமாக இருந்தது. அந்த ரொட்டியில் ஒரு துண்டு, பாஷாணத்தின் புண்ணியத்தில் பூஞ்சை பிடிக்காமல், தலைமை நீதிபதி அலுவலக அலமாரியில் 1930-கள் வரை கிடந்தது. எழுபது வருஷத்துக்கு மேல் கெடாத ரொட்டி சுட்டுக் காட்டிய பேக்கரி உலகத்திலேயே அது ஒன்றுதான். விளம்பரம் செய்யத்தான் முதலாளிக்குக் கொடுத்துவைக்கவில்லை.