மச்சினனுக்குச் சொல்ல ஒரு காரணம்

தூத்துக்குடிக்கு வடக்கே மாப்பிள்ளையூரணிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்ட இறங்குகிற எல்லோருக்கும் ஒரு எஞ்சினியர் வாய்த்துவிடுகிறார். டிப்ளமாவா டிகிரியா என்று யாரும் கேட்பதில்லை. கையில் சுருட்டிய பிளான், செல்போனில் எலிவேஷன் படம், வாயில் காரணம், இவ்வளவும் இருந்தால் அவர் எஞ்சினியர். முதல் இரண்டையும் கம்ப்யூட்டர் தெரிந்த எந்தப் பையனும் போட்டுக் கொடுத்துவிடுவான். காரணம்தான் அவருடைய சொந்தச் சரக்கு. படிக்கட்டு ஏன் இந்தப் பக்கம் என்றால் ஒரு காரணம். போர்டிகோத் தூணில் ஒன்று மட்டும் ஏன் தடிமன் என்றால் ஒரு காரணம். முகப்பில் ஊதாப் பட்டை எதற்கு என்று கேட்டால், “அண்ணாச்சி, அதுதான் பாக்கவன் கண்ண மேல இழுத்துட்டுப் போவும். வீடு ரெண்டடி உசரமாத் தெரியும்லா” என்பார். அண்ணாச்சி அண்ணாந்து பார்ப்பார். தெரிகிற மாதிரியும் இருக்கும்.

இவரைச் சமாளிப்புக்காரர் என்று கேலி செய்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சொல்லும் காரணம் அண்ணாச்சிக்காகச் சொல்லப்படுவதே அல்ல. பணம் போடுகிறவர் களைத்துப்போய் எதையும் ஒத்துக்கொள்வார். அவருக்குப் பின்னால் நிற்கிற சொந்தபந்தம் அப்படியல்ல. கப்பலில் வேலை பார்க்கும் மச்சினன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோ காலில் வந்து, “சமையக்கட்ட ஏன் அத்தான் அங்க வச்சிய?” என்பான். பால்காய்ப்புக்கு வரும் சம்பந்தி காபியை வாங்கிக்கொண்டு ஜன்னல்களை எண்ணுவார். இவர்கள் முன்னால் அண்ணாச்சி வாயடைத்து நிற்கக் கூடாது. அதற்கான பதிலைத்தான் எஞ்சினியர் பிளானோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார். கழிவுநீர்க் குழாய்க்கு அந்தப் பக்கம்தான் வாட்டம் கிடைத்தது என்பது உண்மையான காரணமாக இருக்கலாம். அதைச் சொல்லி மச்சினனை ஜெயிக்க முடியாது. “அக்னி மூலை, மாப்ள” என்றால் வழக்கு முடிந்தது. ஞாயிறு தவறாமல் பனிமய மாதா கோயிலுக்குப் போகிறவர்கூட அக்னி மூலையை மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் இரவல் காரணத்துக்கு வட்டி உண்டு. தென்கிழக்கைச் சொல்லித் தப்பித்த எஞ்சினியர், ஈசானிய மூலையில் கழிவறை வைக்க வேண்டி வரும்போது அதே வாஸ்துவிடம் மாட்டிக்கொள்வார். அன்றைக்கு அவர் பேச்சு நீளும்.

அவர் பேச்சு யாருக்கானது என்பதற்கு நல்ல சாட்சி, அவர் பேசாமல் விடும் இடங்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மி.மீ. கான்கிரீட் மூடியிருந்தால் போதும் என்கிறது. கடற்கரை போன்ற கடுமையான சூழலுக்கு 45 மி.மீ. வேண்டும், கலவையும் எம் 30க்குக் குறையக் கூடாது. கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊரில் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளை வழியே கம்பியை எட்டினால் கம்பி துருவேறிப் பருத்து, கூரையைப் பிளந்துகொண்டு வரும். வீட்டின் ஆயுள் பெரும்பாலும் இந்த 25 மி.மீ. வித்தியாசத்தில் இருக்கிறது. எந்த மச்சினன் இதைக் கேட்கிறான்? கான்கிரீட் விழுந்ததும் அது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஊதாப் பட்டையோ ரோட்டிலிருந்தே தெரியும். எனவே பட்டைக்குக் கால்மணி நேரப் பிரசங்கம். கம்பிக்கு ஒரு வரி. பேஸ்மட்டத்தின் கதையும் இதேதான். தரைமட்டத்தை உயர்த்தச் சொன்னால் ‘மண்ணடிக்கிற செலவை யார் கொடுப்பது’ என்று முன்பு முறைத்தவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தூத்துக்குடி தண்ணீரில் நின்றது. அதன்பிறகு மச்சினனே “இன்னும் ரெண்டடி ஏத்துங்க” என்கிறான்.

விளக்கம் கேட்கும் விஷயத்தில் அரசாங்கம் மச்சினனைவிடத் தாராளம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்குச் சுயசான்று போதும். மச்சினன் சுயசான்றை ஏற்பதில்லை.

நல்ல வேலைக்கு விளக்கம் எதற்கு என்று கேட்பார்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன தோணிகளை ஓடாவிகள் கண்மதிப்பில் கட்டினார்களே, அவர்கள் யாருக்கு விளக்கம் சொன்னார்கள்? சொல்லத் தேவையில்லைதான். தோணிக்காரருக்கும் அதை ஓட்டும் தண்டலுக்கும் கடல் தெரியும். முன்முனையான அணியம் கோணலானால் முதல் பயணத்திலேயே தெரிந்துவிடும். சம்பந்திக்கு வீட்டைப் பற்றி அப்படித் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. எஞ்சினியர் செய்துவிட்டுப் பிறகு காரணம் தேடுகிறாரே என்பது இன்னொரு புகார். நாட்டின் ரூபாய்க் குறியையும் அப்படிக் கேட்கலாம். 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் கலந்தது, மேலிருக்கும் கோடுகள் மூவண்ணக் கொடியைக் குறிக்கும் என்று அதற்கு விளக்கம் வந்தது. கோடு முந்தியதா கொடி முந்தியதா என்று யாரும் விசாரிக்கவில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதில் ‘ரூ’ வந்தபோதும் பேச்சு குறியின் அழகைப் பற்றியதல்ல. எந்த எழுத்து, யார் வரைந்தது என்பதைப் பற்றியே. தேடிப் பிடித்த காரணத்தாலும் ஒரு நன்மை உண்டு. எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாத வளைவை எஞ்சினியர் தாமே ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடுகிறார்.

இவருடைய வாய்ஜாலம் செல்லாத ஒரே இடம் மேஸ்திரி. அந்த 45 மி.மீ. இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் துண்டு வைக்கச் சொன்னால், “நாங்க எத்தன வீடு கட்டியிருக்கோம், கவர் பிளாக்கா வச்சோம்?” என்பார் மேஸ்திரி. அவரிடம் விதி எண்ணும் எடுபடாது, அக்னி மூலையும் எடுபடாது. எஞ்சினியர் பேசாமல் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பக்கத்துத் தெருவில் காரை உதிர்ந்து கம்பி பல்லிளிக்கும் பழைய கூரையொன்றைக் காட்டுவார். அது மேஸ்திரியே போட்ட கூரையாக இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். அன்றைக்குச் சாயங்காலம் கவர் பிளாக் வைக்கப்படும். அடுத்த மாதம் வேறொரு சைட்டில் அதே மேஸ்திரி, கம்பி கட்டுகிற பையனை நிற்கவைத்து உப்புக் காற்றைப் பற்றி வகுப்பெடுப்பார். எஞ்சினியர் பெயர் அதில் வராது.