உள்ளானுக்கு வழி சொன்னது யார்?

கும்பப்பூ நடவு முடிந்து நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் தண்ணீரும் பச்சையுமாகக் கிடக்கும் நாட்களில் தேரூர்க் குளத்தங்கரைக்குப் போய் நிற்பது என் வழக்கம். கழுத்தில் பைனாகுலர் தொங்க அங்கே வருகிறவர்களோடு பேசியதை எழுதப்போக, வாசகர்களிடமிருந்து கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு அந்தப் பறவை ஆர்வலர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பறவை பார்க்கிறவர்களிடம் வாய் கொடுத்தால் அரை மணி நேரம் விடமாட்டேன் என்கிறார்களே, ஏன்? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பார்த்த பறவையைப் பற்றி ஐந்து நிமிடம்தான் பேசுவார்கள். மிச்சம் இருபத்தைந்து நிமிடமும் கண்ணுக்குத் தப்பிய பறவையைப் பற்றித்தான். போன மார்கழியில் சுசீந்திரம் குளத்தருகே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்றாவது நாளாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அலுக்கவில்லையா என்று கேட்டேன். “வெளிநாட்டுல இருக்கப்பட்ட பிள்ளை வருஷத்துல ஒருக்கா வருதுன்னா வாசல்ல போய் நிக்கமாட்டோமா? அது மாதிரிதான்” என்றார். வீட்டுக்கு ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய மாவட்டத்தில் இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது.

வயலில் இறங்கும் சின்ன உள்ளான்கள் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்கிறார்கள். அவற்றுக்கு வழி சொன்னது யார்? (ஏழாம் வகுப்பு மாணவன், பூதப்பாண்டி)

யாரும் சொல்லவில்லை தம்பி. அதுதான் அதிசயம்.

நீ பார்த்தது அநேகமாகப் பொரி உள்ளானாக இருக்கும். முதுகில் பொரி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்; நின்ற இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவின் வடக்கிலிருந்து சைபீரியா வரை பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களில் அது குஞ்சு பொரிக்கிறது. உள்ளான் வகைகள் பலவற்றில் பெரிய பறவைகள் முன்னால் கிளம்பிவிடும். குஞ்சுகள் பிறகுதான் புறப்படும், கூட்டிப்போக ஆளில்லாமல். சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு அவை திசை பிடிக்கின்றன. எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்பது பிறவியிலேயே அவற்றுக்குள் இருக்கிறது.

2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குப் பறந்தது. 13,560 கிலோமீட்டர். 11 நாள். நடுவில் எங்கும் இறங்கவில்லை, ஒரு வாய் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அதன் உடலில் பொருத்தியிருந்த செயற்கைக்கோள் கருவி காட்டிய கணக்கு இது. அந்தப் பறவைக்கு அப்போது வயது ஐந்து மாதம். அதன் நெருங்கிய உறவான கருவால் மூக்கன் நம் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்குக் குளிர்காலத்தில் வரும். நீளமான, நேரான அலகைச் சேற்றில் கண்வரை விட்டுக் கிளறும் பறவையைக் கண்டால் உன் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டு.

சத்திமுத்தப் புலவர் தூது விட்ட நாரை உண்மையிலேயே குமரிக்கு வந்திருக்குமா? (தமிழாசிரியை, தக்கலை)

வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சிவந்த கால்கள், பிளந்த பனங்கிழங்கு போன்ற சிவந்த கூரலகு, குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் பயணம் என்று புலவர் சொல்லும் அடையாளங்களை ஒரு பறவை ஆர்வலரிடம் கொடுத்தால் நொடியில் வெண்ணாரை என்பார். செங்கால் நாரை என்பதும் அதுவே. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, வெயில் ஏறும்போது வடக்கே திரும்புகிற பறவை. இன்று தேரூரில் நாம் கூட்டமாகக் காணும் சங்குவளை நாரைக்கு அலகு மஞ்சள். புலவரின் பறவை அதுவல்ல. பசியிலும் குளிரிலும் கிடந்த மனிதர் அலகின் நிறத்தைத் தவறவிடவில்லை. பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு வெண்ணாரையை வரைந்து காட்டுங்கள். பாட்டுக்குத் தனி உரை தேவைப்படாது.

எங்க பத்துல நீலக்கோழி இறங்கி நட்ட பயிரைக் கொத்திக் கொத்திப் போடுது. படம் பிடிக்க வாறவங்க அதைப் பாத்து ‘ஆகா, அழகு’ங்காங்க. என் நஷ்டத்துக்கு யாரு பதில் சொல்லுவா? (விவசாயி, தேரூர் அருகே)

அண்ணாச்சி, இந்த மாதம் வந்த கேள்விகளில் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி உங்களுடையது. கரையில் நின்று அழகு பார்க்கிறவர்கள் வரப்பில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போவது நியாயமே இல்லை.

நீலத் தாழைக்கோழி இளம் நெற்பயிரின் தண்டை ஒடித்து உள்ளிருக்கும் மென்மையான பகுதியைத் தின்னும். தின்பதைவிட மிதித்து வீணாக்குவது அதிகம். குளத்தில் சம்பும் தாமரையும் அடர்ந்து கிடக்க, கரைக்கு இந்தப் பக்கம் நெல் நின்றால், அதற்குப் படுக்கையும் பந்தியும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தது போல. இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் அப்பா காலத்தில் நாஞ்சில் நாடு முழுக்க நெல். இன்று பக்கத்து வயல் வாழையாயிற்று, அடுத்தது தென்னை, அதற்கடுத்தது வீட்டுமனை. பரந்து மேய்ந்த பறவைகள் எல்லாம் நெல் மிஞ்சியிருக்கிற உங்கள் வயலில் வந்து இறங்குகின்றன. ஊர் விட்டுவிட்ட தொழிலை விடாமல் செய்கிறவர் தலையில் ஊர்ப் பறவை அத்தனையின் பாரமும் விழுகிறது.

செய்யக்கூடியது: நட்ட முதல் சில வாரங்கள்தான் ஆபத்து. அந்த நாட்களில் குளத்தை ஒட்டிய வரப்பில் காற்றில் மினுங்கும் நாடா கட்டுங்கள், விடியலிலும் அந்தியிலும் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். விஷம் மட்டும் வேண்டாம். விஷம் வைத்த தானியம் நீலக்கோழியோடு நிற்காது. உங்கள் வயலில் நத்தையைப் பொறுக்கும் நத்தைகுத்தி நாரையும், உழவின் பின்னால் நடந்து பூச்சி பிடிக்கும் உண்ணிக்கொக்கும் அதில் போய்விடும். குளத்துத் தண்ணீரும் கெடும். பறவைக்கு இடம் கொடுக்கும் நெல் விவசாயிக்கு அரசு தனியாக ஒரு ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளத்துக்குப் பாதுகாப்பு அறிவித்துவிட்டு வயலைக் கைவிட்டால் பறவை நிற்காது. பகலில் குளத்தில் உறங்குகிற எத்தனையோ பறவைகளுக்குச் சாப்பாடு வயலில்தான்.

ராம்சர், ராம்சர் என்கிறார்களே, அது என்ன பட்டம்? (சுசீந்திரம்)

ராம்சர் ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே கையெழுத்தான ஈரநில உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயர் நின்றுவிட்டது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களை ஒவ்வொரு நாடும் பட்டியலில் சேர்த்துக் காக்க ஒப்புக்கொள்கிறது. நம் மாவட்டத்திலிருந்து 2022இல் இரண்டு இடங்கள் அந்தப் பட்டியலில் ஏறின: 94.23 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம், 19.75 ஹெக்டேர் பரப்புள்ள வேம்பனூர் ஈரநிலம். சுசீந்திரம்–தேரூரில் இதுவரை 250 வகைப் பறவைகள் வரை பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 53 வலசை வருபவை.

இரண்டும் மனிதன் வெட்டிய குளங்கள்தாம். பசுங்குளம், பெருங்குளம் என்று இந்தப் பகுதிக் குளங்களின் பெயர்கள் ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே இருக்கின்றன. நெல்லுக்காக முன்னோர் தேக்கிய தண்ணீரை, கேட்காமலே பறவையும் பங்கு போட்டுக்கொண்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்துவரும் பங்கு அது.

செல்போன் டவர்தானே சிட்டுக்குருவியை ஒழித்தது? (கோட்டாறு)

அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பெருநகரங்கள் சிலவற்றில் குருவி குறைந்தது உண்மை. நாடு முழுவதும் பார்த்தால் பெரிய வீழ்ச்சி இல்லை என்கிறது இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020ஆம் ஆண்டு அறிக்கை. உண்மையில் கவலைப்பட வேண்டியது வலசை வரும் கரைப்பறவைகளைப் பற்றி. அவை வேகமாகக் குறைந்துவருகின்றன என்கிறது 2023 அறிக்கை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் எழுதிவைத்த மூன்று கோடிக் குறிப்புகளிலிருந்து பிறந்த முடிவு அது. கோட்டாற்றுக் கடைத்தெருவில் அரிசிச் சாக்கருகே கொஞ்சம் நின்று பாருங்கள். குருவி இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் கண்ணே சொல்லும்.

ஒரு மாத லீவில் ஊருக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் பறவை காட்ட எங்கே போகலாம்? (பஹ்ரைன்)

டிசம்பர், ஜனவரியில் லீவு போடுங்கள். முதல் நாள் விடியலில் தேரூர்: கூழைக்கடா, சங்குவளை நாரை, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி. நீளவால் இலைக்கோழியில் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது அப்பன்தான். அம்மா அடுத்த மாப்பிள்ளையைத் தேடிப் போய்விடும். இதைச் சொன்னால் உங்கள் வீட்டம்மா பறவை பார்க்க மறுநாளும் வருவார்.

மறுநாள் புத்தளம் உப்பளமும் மணக்குடிக் காயலும். பழையாறு கடலில் சேரும் பொழிமுகம் அது. அதிர்ஷ்டம் இருந்தால் உப்பளத்தில் பூநாரை நிற்கும், ஆலாக்கள் நிச்சயம். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கரையில் நிற்கும் அலையாத்தி மரங்களையும் காட்டுங்கள்.

ஒருநாள் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை அங்கே காணலாம். வீட்டு மரங்களில் நாரை கூடு கட்டினாலும் ஊரார் விரட்டுவதில்லை. நேரமிருந்தால் சிவகங்கை பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி வரை போங்கள். பறவைகள் பயப்படுமென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்களைப் பார்ப்பது பறவையைப் பார்ப்பதைவிடப் பெரிது.

எட்டு மடங்கு பைனாகுலர் வாங்குவதா, பத்து மடங்கா? (குளச்சல்)

எட்டு. பத்தில் பறவை பெரிதாகத் தெரியும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது தப்பா? செல்போனில் குரலைப் போட்டுக் கூப்பிடலாமா? (புகைப்படக் கலைஞர், மார்த்தாண்டம்)

இரண்டும் வேண்டாம். நீங்கள் கிட்டே போனதும் தாய் எழுந்து பறக்கும்; அந்தப் பத்து நிமிட வெயிலில் முட்டை வெந்துவிடலாம், காகம் தூக்கிவிடலாம். பதிவுசெய்த குரலைக் கேட்டு வருகிற பறவை உங்களைப் பார்க்க வரவில்லை. எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியோடு கழிக்கிறது. நல்ல படம் என்பது, எடுத்து முடித்த பிறகும் பறவை அதே கிளையில் உட்கார்ந்திருக்கும் படம்.

நம் மாவட்டத்துக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு பறவை உண்டா? (வடசேரி)

தினமும் நீங்கள் நடக்கும் சாலையின் பெயரிலேயே இருக்கிறது. அசம்பு ரோடு எந்த மலையின் பெயரால் வந்ததோ, அந்த அசம்பு மலைத்தொடரின் உயரமான சோலைக்காடுகளில் ஒரு சின்ன நீலப் பறவை வாழ்கிறது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மரபணு ஆய்வில் அது தனி இனம் என்று தெரிந்து, 2017இல் வி.வி. ராபினும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் அதற்கு அறிவியல் பெயர் இட்டார்கள்: ஷோலிகோலா அசம்புவென்சிஸ். ‘சோலை’யும் நம்முடையது, ‘அசம்பு’வும் நம்முடையது.

இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, 1933இல், சாலிம் அலி திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். அதற்கு எண்பது ஆண்டுக்கு மேல் கழித்தும் இந்த மலை ஒரு புதிய இனத்தைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சோலைகளை வெட்டாமல் விட்டதால்தான் கொடுத்தது.

பெயர் தெரியாமல் பறவை பார்த்தால் என்ன குறை? (இல்லத்தரசி, குலசேகரம்)

குறையே இல்லை. நீங்களே வைக்கலாம். குளிர்காலத்தில் தோப்புகளுக்கு வரும் ஒன்பது நிறப் பறவை ஒன்று காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூப்பிடும். அதற்கு ‘ஆறுமணிக்குருவி’ என்று பெயர் வைத்தவர் எந்தக் கல்லூரியிலும் விலங்கியல் படித்தவர் இல்லை, காது கொடுத்தவர். உங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பெயர்கள் பறவைகளைவிட வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன.

குளக்கரையில் குப்பை கொட்டுகிறார்கள், ஆகாயத்தாமரை மூடுகிறது. தனி ஆள் நான் என்ன செய்துவிட முடியும்? (மணக்குடி)

எண்ண முடியும். “முன்னெல்லாம் நிறைய வரும்” என்று மனுவில் எழுதினால் அதிகாரி தலையாட்டிவிட்டு வைத்துவிடுவார். “இந்த இடத்தில், இந்தத் தேதியில் நாற்பது நாரை, மறு ஆண்டு அதே தேதியில் ஒன்பது” என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். ஈரநிலத்தைக் காக்கக் கேட்டு யார் எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது கணக்குதான்.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். கட்டணம் இல்லை, படிப்பு தேவையில்லை. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதி, ஈபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். தெரிந்த பறவை காகமும் கொக்கும் மட்டும்தான் என்றாலும் சரி, அவற்றைச் சரியாக எண்ணுங்கள். வருகிற பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்குலையும் வாங்கி வைத்த கையோடு உங்கள் ஊர்க் குளத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.