ஏட்டுச் சுரைக்காய்

பணக்கவலையை விசுவாசத்தால் வென்றது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மேஜைமேல் ஒரு சுரைக்காய் கிடக்கிறது. விலை 1,850 ரூபாய். அதைப் பார்த்தபடி எழுதப் பேனா மறுக்கிறது.

போன ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. போதகர் ஐயர் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை எடுத்தார். பட்சிகள் வந்தன, காட்டுப் பூக்கள் வந்தன, பின்னாலேயே ஜார்ஜ் முல்லரும் வந்துவிட்டார். அவர் வராமல் எங்கள் ஊரில் பணத்தைப் பற்றிப் பிரசங்கம் முடிந்ததில்லை. 1836-இல் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கி 10,000-க்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை ஆதரித்தவர்; ஒருத்தரிடமும் காசு கேட்டதில்லை. ஒருநாள் காலையில் ஆகாரமில்லை, வெறுந்தட்டை வைத்து ஸ்தோத்திரம் பண்ணினார், ரொட்டிக்காரர் வந்து கதவைத் தட்டினார், பால்வண்டி வாசலிலேயே பழுதாகி நின்றது என்பார்கள். எனக்கு வயது 61. அந்தப் பால்வண்டி என் காதுபட நாற்பது தரமாவது பழுதாகியிருக்கும். கேட்கும்போதெல்லாம் கண் கலங்கவும் செய்கிறது, அது வேறு. ஆனால் அதே முல்லர் வந்த காசையெல்லாம் அரைப்பென்னி விடாமல் எழுதி, வருஷாவருஷம் அறிக்கை அச்சடித்தாரே, அதை மட்டும் ஒரு ஐயரும் சொல்லக் காணோம்.

அடுத்து டோனாவூர். 1901-இலிருந்து அங்கே பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் யாரிடமும் பணம் கேட்டதில்லை. தேவையை ஆண்டவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும் என்று ஐயர் முடித்தார். ஆமென் என்றோம். வெளியே பந்தலில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது.

ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற பி.டி. சார். விசில் இல்லாமலே அரை மைல் கேட்கும் தொண்டை. யார் மகன் மஸ்கட்டில் இருக்கிறான், யாருக்கு எப்போது பென்ஷன், எல்லாம் மனப்பாடம். எலுமிச்சம்பழம் ஒன்று 400-க்குப் போனது. சேவல் எவ்வளவுக்குப் போனது என்று சேவலிடம்கூடச் சொல்லக்கூடாது, தலைகால் புரியாது.

"சுரைக்காய் அம்பது ரூவா! ஒருதரம்! நம்ம அண்ணாச்சி பேசாம இருக்காக. ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்காம்லா?"

"நூறு" என்றேன். யாராவது மேலே கேட்பார்கள், கௌரவமாகக் கழன்றுகொள்ளலாம் என்று கணக்கு. கேட்டார்கள்.

"எரநூறு!"

என் தங்கை மாப்பிள்ளை. அவர் என்னிடம் 12,000 ரூபாய் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. திருப்பிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தர் வாசல் திறப்பாரு மச்சான், கவலப்படாதீங்க" என்பார். இப்போது வாசல் திறந்திருக்கிறது போல, முந்நூறு, ஐந்நூறு என்று ஏறுகிறார். யோசித்துப் பாருங்கள். அவர் ஜெயித்தால் எனக்கு வரவேண்டிய 12,000-இல் ஒரு துண்டு போயிற்று. நான் ஜெயித்தால் என் சட்டைப்பையிலிருந்து போயிற்று. ஒரே சுரைக்காயின் இரண்டு முனையையும் நானே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாம்தான். ஆனால் என் பணத்தில் அவர் தாராளமாகக் கொடுத்துப் பேர் வாங்குவதா? 800. அவர் 1,000. மனைவி முழங்கையில் கிள்ளினாள். 1,200 என்றேன். பி.டி. சார் ஏலத்தை நிறுத்தி, ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிக் குட்டிப் பிரசங்கம் வைத்தார். அந்த அம்மாளை யாரும் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்குத் தைரியம்? 1,500. 1,800. அதற்குள் சுரைக்காயை யாரும் பார்க்கவேயில்லை, எங்கள் இருவரையும்தான் பார்த்தார்கள். 1,850 என்று கத்திவிட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளையைக் காணோம். அசனப் பந்தியில் முதல் வரிசையில் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

கையில் காசில்லை. "பரவால்ல அண்ணாச்சி" என்று பொருளாளர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. முழங்கால் போட்டேன். ஜெபம் பாதியிலேயே மகள் கல்யாணக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று திரும்பிவிட்டது. அம்மா ஞாபகம் வந்தது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்துக் கோயிலுக்கென்று கலயத்தில் போடுவாள். பானையில் கடைசி அரிசி என்றாலும் போடுவாள். போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் அரைப்படி கடன் கேட்டு வரச்சொல்லி என்னை அனுப்புவாள். கூச்சமெல்லாம் எனக்கு. அவள் படுத்ததும் தூங்கிவிடுவாள். எப்படி என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

சுரைக்காய் நான்கு நாளாக மேஜையிலேயே இருக்கிறது. "ஆயிரத்து எண்ணூத்தம்பது ரூவாய வெட்டிக் கூட்டு வைக்க எனக்கு மனசு வரல" என்கிறாள் மனைவி.

இன்று காலை பொருளாளர் போன் செய்தார். "அண்ணாச்சி, நம்ம ஏட்டுல ஒரு சுரைக்கா நிக்கே?"

வேறு வழி தெரியவில்லை. "கர்த்தர் வாசல் திறப்பாரு" என்றேன்.

"திறக்கட்டும் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமைக்குள்ள திறந்தா தோதா இருக்கும்."