பென்ஷன்தாரும் பெட்டைக்கோழியும்

வயது பூர்த்தியாகிச் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ரோஜா மாலையும் எலுமிச்சம்பழமுமாக வீடு திரும்புகிறவர்கள், மறுநாள் பொழுது விடிந்ததுமே, தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும் ஜீவன் ஒன்றுகூட இல்லையே என்ற ஏக்கத்துக்கு ஆளாகிறார்கள். சிலர் கோயில் தர்மகர்த்தாவாகி அந்த ஏக்கத்தைத் தணித்துக்கொள்கிறார்கள். சிலர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிச் சர்க்காரையே திருத்தப் புறப்படுகிறார்கள். நான் சொல்ல வந்தது, கொல்லையில் நாலு கோழியையும் வாசலில் ஒரு நாயையும் வைத்துக்கொண்டு, இழந்த கச்சேரியை வீட்டுக்குள்ளேயே மறுபடி ஸ்தாபித்துவிடுகிற மூன்றாவது வகையினரைப் பற்றி.

அந்த வகைக்குச் சர்வ லக்ஷணங்களும் பொருந்திய ஒருவர், தாலுகாக் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர், எங்கள் தெருவிலேயே இருக்கிறார். காலையில் யார் போனாலும், கம்பு நிறைந்த கொட்டாங்கச்சி மடியில் இருக்க, சாய்வு நாற்காலியில் வீற்றிருந்து, "வாங்க தம்பி! அந்தப் பெஞ்சி வேண்டாம், இப்பத்தான் புள்ளி உட்கார்ந்துட்டுப் போனா" என்று உபசரிப்பார். புள்ளி என்பது கோழி.

நாயின் பெயர் ஜிம்மி. அது ராஜபாளையம் வம்சம் என்பது எஜமானரின் வாக்குமூலம். பால்போன்ற வெண்மையும், ரோஜா நிற மூக்கும், ஒட்டிய வயிறும் அந்த ஜாதி நாய்க்கு லக்ஷணம். காட்டுப்பன்றி வேட்டையில் பேர் வாங்கிய பரம்பரை. ஜிம்மியின் மூக்கு என்னவோ ரோஜா நிறம்தான். ஆனால் இடது காதிலும் வால் நுனியிலும் தெரிகிற தவிட்டு நிறம், தகப்பன் வழியில் எங்கள் தெருவுக்கும் அந்த வம்சத்தில் பாத்தியதை உண்டு என்பதை மௌனமாகத் தெரிவிக்கிறது. பன்றியை மடக்கிய வீரர்களின் இந்தப் பேரப்பிள்ளை, குட்டிப் பருவத்தில் ஒருநாள், சிகப்பி என்ற பெட்டைக்கோழியின் குஞ்சை முகர்ந்து பார்க்கப் போய், தாயிடம் மூக்கில் ஒரு கொத்து வாங்கிற்று. அன்றுமுதல் இன்றுவரை, தன் சோற்றுத் தட்டில் சிகப்பி வாய் வைத்துவிட்டால், மூன்று முழ தூரத்தில் ஒதுங்கி நின்று, தனக்கும் அந்தச் சோற்றுக்கும் ஸ்நானப் பிராப்தியும் இல்லை என்பதுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நார்வே தேசத்தில் ஷெல்டெரப்-எபே என்ற ஒருவர், சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து வைத்து, ஒரு கோழிக் கூட்டத்தில் யாரை யார் கொத்தலாம் என்பதற்குத் தலையிலிருந்து கடைசிவரை நிர்ணயமான வரிசை ஒன்று உண்டென்று 1920களின் தொடக்கத்தில் நிரூபித்தார். இதை நான் பெரிய சங்கதியாகப் பென்ஷன்தாரிடம் பிரஸ்தாபித்தபோது அவர் சிரித்துவிட்டார். "இதுக்கு நார்வேக்கா போகணும்? தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தா ஒரே நாளிலே எழுதியிருக்கலாமே!" என்றார். அவர் வீட்டு வரிசைப்படி, சிகப்பி கருப்பியைக் கொத்தும். கருப்பி புள்ளியைக் கொத்தும். புள்ளி ஜிம்மியைக் கொத்தும். கொத்துவதற்குத் தனக்குக் கீழே ஆளில்லாத ஜிம்மி தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும். சேவல் கூவுவதோடு சரி. இந்த வரிசையில் தம்முடைய ஸ்தானம் எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் அந்த வீட்டில் முட்டை களவு போக ஆரம்பித்தது. கோழி கேறுகிற சத்தம் கேட்கும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவர் போய்ப் பார்ப்பதற்குள் வைக்கோலில் ஈரமும் ஓட்டுத் துண்டும்தான் மிஞ்சியிருக்கும். சம்பவ ஸ்தலத்தில் ஓட்டை நக்கிக்கொண்டிருந்த ஜிம்மியின் மேல் சந்தேகம் விழுந்தது நியாயந்தானே? அதைக் கையும் களவுமாகப் பிடிக்க, முட்டையில் துளையிட்டுக் கருவை வடித்துவிட்டு, மிளகாய்ப் பொடியைக் குழைத்து அடைத்து வைக்கும் பழைய உபாயத்தை அவர் கையாண்டார். "குழம்புக்கு இடிச்ச பொடிங்க அது" என்ற அம்மாளின் ஆட்சேபம் தள்ளுபடியாயிற்று. சாக்ஷிக்காக என்னையும் அவர் வரவழைக்க, இருவருமாகத் தொழுவத்துச் சுவரின் பின்னால் குந்தியிருந்தோம்.

வந்தது சிகப்பி. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, முட்டையை ஒரே கொத்தில் உடைத்து, உள்ளிருந்த செக்கச் சிவந்த விழுதைப் பாயசம்போல ரசித்து உண்டு, அலகை இருபுறமும் மண்ணில் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. கூண்டுக்கிளி பச்சைமிளகாயை வெள்ளரிப் பிஞ்சாகக் கடிப்பதைத் தினம் பார்த்தும் அது நமக்கு ஞாபகம் வருவதில்லை. கோழியைக் கேட்டா மிளகாய் அரைக்கிறார்கள் என்பார்கள். அன்று கேட்டுவிட்டு அரைத்திருக்கலாம். பிறகு வந்தது ஜிம்மி. மிச்சமிருந்த ஓட்டை ஒருமுறை நக்கிற்று. நாலு தும்மல் தும்மிற்று. ஊளையிட்டபடி கிணற்றை மூன்று பிரதக்ஷிணம் செய்து, மாட்டுத் தொட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பார்த்தீங்களா தம்பி, திருடன் அகப்பட்டுக்கிட்டான்!" என்று எழுந்தார் பென்ஷன்தார்.

கண்ணால் கண்டதை நான் எடுத்துச் சொன்னேன். "அது தான் போட்ட முட்டையைத் தானே சாப்பிட்டா, அது சொந்த உபயோகம். திருட்டுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் அவர். உடம்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் கோழிக்கு இந்தப் பழக்கம் வருவதுண்டு என்று கால்நடை வைத்தியர் சொல்ல, கிளிஞ்சலை இடித்துத் தீனியில் கலந்தார்கள், களவும் நின்றது. ஜிம்மியின் மீதான தீர்ப்பு மட்டும் இன்னும் ரத்தாகவில்லை.

தை பிறந்ததும் சிகப்பி அடைக்கு விழுந்தது. கூடையில் சாம்பல் பரப்பி, வைக்கோல் மெத்தையிட்டு, அதில் 11 முட்டைகளைப் பென்ஷன்தார் தம் கையாலேயே அடுக்கி வைத்தார். சிகப்பியோ அந்தப் பக்கம் திரும்பியும் பாராமல், திண்ணைக்கு அடியில் ஜிம்மியின் படுக்கையாகிய கோணிச் சாக்கில் போய் அமர்ந்துகொண்டு, கிட்டே வந்தவர்களையெல்லாம் சிலிர்த்துச் சீறியது. முட்டைகளைத்தான் சாக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. 21 நாளும் ஜிம்மி தைப்பனியில் நடுங்கிக்கொண்டு வாசற்படியில் படுத்தது. "பிரசவ காலம், நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்று அதற்கு ஆறுதல் சொன்ன எஜமானர், அதைப் பார்த்துச் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒன்பது குஞ்சு பொரித்தது. வெயில் ஏறியதும் அவை ஜிம்மியின் முதுகை மலையாக்கி ஏறிச் சறுக்கி விளையாடும். ஒன்று அதன் காதுமடலைக் கறையான் என்று நினைத்துக் கொத்திப் பார்க்கும். ஜிம்மி மூச்சுக்கூடப் பலமாக விடாமல், கருவிழியை மட்டும் உருட்டி எஜமானரைப் பார்க்கும். பருந்தின் நிழல் முற்றத்தில் விழுகிறபோது மட்டுமே அதற்குப் பன்றி வேட்டைக் காலம் ஞாபகம் வருகிறது. வீடே அதிரக் குரைக்கும். அப்படிக் குரைத்ததற்கும், குஞ்சுகள் பயந்துவிட்டன என்று ஒரு கொத்து விழும்.

சென்ற வாரம் உச்சிவேளையில் போயிருந்தேன். சாய்வு நாற்காலியில் சிகப்பி வீற்றிருந்தது. பென்ஷன்தார் வாசற்படியில், மடித்த பத்திரிகையைக் கையில் பிடித்தபடி, ஜிம்மியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோழியை விரட்ட நான் கையை ஓங்கவும், "உஷ்! இப்பத்தான் கண்ணசந்தது" என்று தடுத்துவிட்டார்.

"சாப்பிட வாங்க" என்று உள்ளேயிருந்து அம்மாள் கூப்பிட்டார். பென்ஷன்தாரும் ஜிம்மியும் சேர்ந்தே எழுந்தார்கள். அதற்குள் நாற்காலியிலிருந்து குதித்த சிகப்பி முந்திக்கொண்டு உள்ளே போய்விடவே, இருவரும் நிலைப்படிக்கு மூன்று முழ தூரத்தில் ஒதுங்கி நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.