ஆகாயத் தலத்துக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் காரில் லடாக் போய், ஹான்லே குளிர்பாலைவனத்தில் விடிய விடிய நட்சத்திரம் பார்க்கத் திட்டம். உங்கள் யோசனை? (ஒரு வாசகர், சிதம்பரம்)

பதில்: ஆகாயத் தலத்தில் குடியிருந்துகொண்டு ஆகாயம் தேடி லடாக்கா! போய் வாருங்கள். 2022இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். வானாய்வகம் இருப்பது சுமார் 4,500 மீட்டர் உயரத்தில். பால்வீதி அள்ளிக்கொண்டு போகும், மூச்சும்தான்.

ஆனால் தென்சிலுவை அங்கே தெரியாது. ஏப்ரல், மே இரவுகளில் சாமியார்பேட்டை கடற்கரையில் தெற்கே திரும்பினால் போதும், பட்டம் மாதிரி நிற்கும். ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டத்தில் நசுங்குகிறோமே, அந்தத் திருவாதிரையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? ஓரியன் கூட்டத்தில் சிவப்பாக மினுங்கும். மார்கழியில் மேகம் மறைத்தால் மாசியில் பாருங்கள், அது எங்கும் போய்விடாது.

ஒரு நிபந்தனை: கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாகும். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் 'சிக்னல் இருக்கா?' என்று செல்போனைத் திறக்கும் நண்பரைக் கடலூரிலேயே இறக்கிவிடுங்கள்.