வண்டிக்காரன்கிட்ட வம்பு வேண்டாம், தளபதியாரே

தளபதியாரே, வாரும். அமெரிக்க விண்வெளிப் படைக்கே பெரிய ஆளு நீரு, இந்தத் திண்ணையில உக்காந்தா கௌரவம் ஒண்ணும் குறைஞ்சிடாது. 2019 டிசம்பர்ல படையைத் தொடங்குனீங்க, மறு மாசமே சீருடையைக் காட்டுனீங்க. இலையும் தழையுமா ஒரு பச்சைச் சட்டை! வானத்துல எந்தப் புதருக்குள்ள வே ஒளியப் போறீரு?

கோவிச்சுக்கிடாதேயும். உங்க வேலை லேசுப்பட்டதில்லன்னு எனக்கும் தெரியும். என் பேரன் செல்போன்ல வழி பாத்துப் போறானே, அந்த ஜிபிஎஸ் உங்க பட்டாளத்துச் சரக்குதான். எவனாவது ஏவுகணை விடுதானான்னு மேலேயிருந்து முழிச்சுப் பாக்குததும் நீங்கதான். ஆனா அதையெல்லாம் மேல தூக்கிட்டுப் போற வண்டி உங்களோடது இல்ல பாத்தீரா, அங்கதான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது.

2006ல போயிங்கும் லாக்ஹீட் மார்ட்டினும் கூட்டுச் சேந்து யுஎல்ஏன்னு ஒரு கம்பெனி வச்சாங்க. பல வருஷம் உங்க பாரத்தை அவங்கதான் சுமந்தாங்க. அவங்க அட்லஸ் 5 ராக்கெட்டுக்கு இஞ்சின் எங்கேயிருந்து வந்துச்சு? ரஷ்யாவிலேருந்து! ரஷ்யாக்காரனை வேவு பாக்க அவன் இஞ்சின்லயே ஏறிப் போன சாமர்த்தியம் வேற எவனுக்கு வே வரும்? 2014ல அவன் கிரிமியாவைப் பிடிச்ச பெறவுதான் உங்க ஆளுகளுக்கு உறைச்சுது.

அதே வருஷம் ஈலான் மஸ்க்கோட ஸ்பேஸ்எக்ஸ், அந்த வேலையில தனக்கும் பங்கு வேணும்னு உங்க விமானப்படை மேலேயே கேஸ் போட்டுச்சு. மறு வருஷம் அவங்க பால்கன் 9 ராக்கெட்டுக்குச் சான்று கொடுத்தீங்க. 2017 மே மாசம் உளவுத்துறைச் செயற்கைக்கோளையே அதுல ஏத்தி விட்டீங்க. தூக்கிட்டுப் போன ராக்கெட்டோட அடிப்பாகமும் திரும்பி வந்து தரையில நின்னுச்சு. நல்ல காரியந்தான், நான் குத்தம் சொல்லல.

2025 ஏப்ரல்ல 54 நடைக்கு ஒப்பந்தம் பிரிச்சீங்க. 28 ஸ்பேஸ்எக்ஸுக்கு, 19 யுஎல்ஏவுக்கு, 7 பெசோஸோட புளூ ஆரிஜினுக்கு. ஏறக்குறைய 1,370 கோடி டாலர். மூணு பேரு இருக்காங்கன்னு சொல்லுதீரு. யுஎல்ஏவோட புது வல்கனுக்கு அதுக்கு முந்தின மாசந்தான் சான்றே கிடைச்சுது. புளூ ஆரிஜினோட நியூ கிளென் அந்த ஜனவரியிலதான் முத தடவை பறந்துச்சு. ஊர்ல ஒருத்தன் டிராக்டர் மட்டும் தினமும் ஓடுது, மத்த ரெண்டும் இப்பதான் கொட்டகையை விட்டு வெளிய வருதுன்னா, நடவு நேரத்துல யாரு வாசல்ல போய் நிப்பீரு?

ரெண்டே மாசத்துல அதிபர் ட்ரம்புக்கும் மஸ்க்குக்கும் சண்டை. தன் கம்பெனியோட டிராகன் விண்கலத்தையே நிறுத்தப் போறேன்னாரு மஸ்க். சில மணி நேரத்துல மனசு மாறிட்டாரு. அந்தச் சில மணி நேரம் உமக்கு வேர்த்துச்சா இல்லியா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லும். உக்ரைன்காரன் கிரிமியா பக்கம் ஸ்பேஸ்எக்ஸோட ஸ்டார்லிங்க் இணையச் சேவையைக் கேட்டப்போ கொடுக்க மாட்டேன்னவரும் இவருதான். போர்க்களத்துல எங்க சிக்னல் வரணும்னு தீர்மானிக்க அவர் தோள்ல எத்தனை நட்சத்திரம் குத்தியிருக்கீரு?

கிழவன் பேச்சைக் கேளும். வண்டிக்காரனை விரட்டாதேயும். ஆனா மத்த ரெண்டு வண்டியும் ஒழுங்கா ஓடுத வரைக்கும், வானமே எங்க கையிலன்னு மேடையில முழங்காதேயும். வீட்டுக்குப் போனதும் 1967 விண்வெளி ஒப்பந்தத்தை எடுத்து ஆறாவது, ஏழாவது பிரிவைப் படியும். தனியார் ராக்கெட்டே ஆனாலும், அடுத்த நாட்டுக்காரன் தலையில விழுந்தா பதில் சொல்ல வேண்டியது உங்க அரசாங்கந்தான் வே.