கோச்சி வராத ஊர்க்காரன் ஏறிய கோச்சி

1928-இல் மட்டக்களப்புக்குக் கோச்சி வந்தது. எங்கள் கல்முனைக்கு இன்னும் 40 கிலோமீற்றர்தான். கோச்சிக்குக் களைப்போ என்னவோ, அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் நிற்கிறது. தேர்தல் காலத்தில் மட்டும் பொத்துவில் வரைக்கும் போய் வரும், மேடைப் பேச்சில்.

ஆகவே என் மருமகன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்டவாளத்தில் போனது அபுதாபியில்தான். வேகம் மணிக்கு 240 கிலோமீற்றர். பழகிப் பார்க்க மெதுவாக ஒரு கோச்சி, அப்புறம் வேகமாக ஒன்று என்றெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே 240. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கன்னம் இரண்டும் காதுக்குப் பின்னால் போயிருந்தன. ராத்தா படத்தைப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், எண்ட புள்ளைக்கு ஆரு அடிச்ச?" என்று அழத் தொடங்கிவிட்டா. காசு கொடுத்துத்தான் ஏறினான் என்று விளக்கினேன். அழுகை நின்று ஏச்சுத் தொடங்கியது.

அந்தப் பொருளின் பெயர் ஃபோர்முலா ரோஸா. யாஸ் தீவில், ஃபெராரி வேர்ல்டில், 2010 நவம்பரில் திறந்தார்கள். வழக்கமான ரோலர் கோஸ்டர்கள் சங்கிலியில் டக் டக் என்று மேலே ஏறும். அந்த ஏற்றத்தில் மனுஷனுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். செய்த பாவங்களை நினைக்கலாம், யார் யாருக்குக் கடன் என்று எண்ணிப் பார்க்கலாம். இதில் அந்த வசதி இல்லை. நின்ற இடத்திலிருந்து 240-ஐத் தொட 4.9 செக்கன். பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் 52 மீற்றர் உயரத்தில் இருப்பீர்கள்.

உள்ளே நடப்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எண்ணெயைப் பம்ப் பண்ணி நைதரசன் வாயுவை நெருக்கி வைக்கிறார்கள். திறந்துவிட்டால் அந்த நெருக்கல் ஒரு பெரிய உருளையைச் சுழற்றும், உருளை கம்பிக் கயிற்றைச் சுற்றும், கயிறு வண்டியை இழுக்கும். கரைவலை இழுத்தவனுக்கு இதெல்லாம் சாதாரணம். கயிறு இருக்கிறது, சுமை இருக்கிறது, இழுக்க ஒரு பலம் இருக்கிறது. ஒரே வித்தியாசம், எங்கள் மீன்கள் டிக்கட் எடுத்து வலைக்குள் வருவதில்லை.

இந்த இடத்தில் என்ஸோ ஃபெராரியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். உலகத்துக்கே வேகத்தை விற்ற மனுஷன். விமானத்தில் ஏறியதே இல்லை, லிஃப்டுக்குள் கால் வைத்ததே இல்லை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். படியில் நடந்து ஏறிய பெரியவர். அவர் 1988-இல் மௌத்தாகி 22 வருஷம் கழித்து, அவருடைய பெயரை எழுதி ஆட்களை வானத்துக்கு வீசுகிறார்கள். பெரும்பாலும் கறுப்புக் கண்ணாடியோடேயே திரிந்தவர் அவர். அபுதாபியிலும் மணலும் பூச்சியும் கண்ணில் அடிக்காமலிருக்க எல்லோருக்கும் ஒரு கண்ணாடி கொடுக்கிறார்கள். குடும்ப மரபு அந்த அளவுக்காவது காப்பாற்றப்பட்டிருக்கிறது.

இந்தச் சறுக்கு வியாதி பெரிய இடத்தில் ஆரம்பித்தது. ரஷ்யாவில் பனிக்காலத்தில் மரத்தால் மேடு கட்டித் தண்ணீர் ஊற்றி உறையவைத்து அதில் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். மகா கதரின், சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் படைத்த அம்மா, கோடையிலும் வழுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டா. பேரரசி ஆசைப்பட்டால் கோடைகாலம் என்ன செய்யும்? ஒரானியன்பவும் அரண்மனைத் தோட்டத்தில் ரினால்டி என்ற இத்தாலியக் கட்டடக்காரர் சக்கர வண்டி ஓடும் சறுக்கையும் அதன் தலைமாட்டில் நீல நிற மண்டபம் ஒன்றையும் 1774-க்குள் கட்டி முடித்தார். வழுக்கி முடிந்த வண்டியை மறுபடி மேலே தள்ளுவது யாருடைய வேலை? அது பேரரசியின் வேலை இல்லை, அவ்வளவுதான் சொல்வேன். பிறகு சறுக்கு உக்கிப்போய் இடிக்கப்பட்டது. மண்டபம் மட்டும் இன்றைக்கும் ஜம்மென்று நிற்கிறது.

இன்னொரு கூத்து. பிரான்ஸ்காரனும் ஸ்பெயின்காரனும் ரோலர் கோஸ்டரை "ரஷ்ய மலை" என்கிறார்கள். ரஷ்யனிடம் கேளுங்கள், "அமெரிக்க மலை" என்பான். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்கிற ஜாதி.

அமெரிக்காவில் இதை வளர்த்தவர் லாமார்கஸ் தொம்ப்ஸன். காலுறை வியாபாரி, வேதப்பள்ளி ஆசிரியர், மகா ஒழுக்கசீலர். கோனி ஐலண்டில் சனங்கள் குடியும் சூதுமாகக் கெட்டுப் போகிறார்களே, அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு ஒன்று வேண்டுமே என்று 1884-இல் ஒரு சறுக்கு ரயில் போட்டார். கட்டணம் 5 சதம். வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர், அதாவது ஜும்ஆ கலைந்த நேரம் கல்முனை மெயின் வீதியில் ஓட்டோ போகிற வேகம். ஏறுகிறவர் முதலில் படியேறிக் கோபுரத்துக்குப் போக வேண்டும். வண்டி மறுமுனைக்குப் போனதும் இறங்கி நிற்க வேண்டும், வேலையாட்கள் அதை மேலே தள்ளி வைப்பார்கள். இதற்கும் கூட்டம் அள்ளியது. தொம்ப்ஸன் உற்சாகமாகி, 1887-இல் அட்லாண்டிக் சிற்றியில் இருட்டுக் குகைகளுக்குள்ளால் ஓடும் ரயில் ஒன்றைக் கட்டினார். இளம் ஜோடிகளுக்கு அந்தக் குகைகள் ஏன் அவ்வளவு பிடித்துப்போயின என்று நான் சொல்லத் தேவையில்லை. சாராயக் கடையிலிருந்து காப்பாற்றினார் அல்லவா, அது போதும்.

ஆனால் படியேறுவது யாருக்குப் பிடிக்கும்? கோனி ஐலண்டில் சறுக்கு ரயில் ஓடிய மறு வருஷமே ஹிங்கிள் என்பவர் வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்தார். சனங்கள் இருந்தபடியே ஏறினார்கள். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு இப்படியே போனது. பிறகு அந்தச் சங்கிலி ஏற்றமும் பொறுக்கவில்லை. கால் வலி போய் இப்போது பொறுமை வலி. 1977-இல் அன்ரன் ஷ்வார்ஸ்கொப் என்ற ஜேர்மன்காரர் கிங் கோப்ரா என்ற வண்டியை ஏற்றமே இல்லாமல் ஏவிவிட்டார். கோபுரத்துக்குள் பாரமான கட்டி ஒன்று விழும், அது இழுக்கிற கயிற்றில் வண்டி பாயும். எங்கள் தோட்டத்துத் துலாவைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள், அதேதான். வாளிக்குப் பதில் அமெரிக்கர்கள்.

அதற்குப் பிறகு ஆணவம் தலைக்கேறியது. நியூ ஜேர்ஸியில் 2005-இல் கிங்டா கா வந்தது. 139 மீற்றர் உயரம், மணிக்கு 206 கிலோமீற்றர், 3.5 செக்கன். அப்போதைக்கு உலகத்திலேயே உயரமும் அதுதான், வேகமும் அதுதான். சில நாட்களில் காற்றோ குளிரோ, வண்டி உச்சிக்குக் கிட்டப் போய்க் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்த வழியே பின்பக்கமாகத் திரும்பி வந்துவிடும். இப்படி நடக்கும் என்று தெரிந்தே தரையில் பிரேக் தகடுகளையும் வைத்திருந்தார்கள். ரசிகர்கள் கோபப்பட்டார்களா? அதுதான் இல்லை. அந்தத் தோல்வி தங்களுக்கு வாய்க்காதா என்று ஏங்கினார்கள். ஓ.எல். பெயிலானவன் வீட்டில் ஊரே திரண்டு கந்தூரி கொடுத்த மாதிரி. 2024 நவம்பரில் சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்கள். 2025 பெப்ரவரி 28-இல் வெடிவைத்துச் சாய்த்தார்கள். அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

கிங்டா காவிடமிருந்து அபுதாபி வாங்கிய வேகப் பட்டமும் போய்விட்டது. பறித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். 2025-இன் கடைசி நாளில் சவூதியின் கித்தியாவில் ஃபல்கன்ஸ் ஃப்ளைட் திறந்தது. மணிக்கு 250. எங்கள் ஊரில் ஒருவர் டுபாய்க் காசில் இரண்டு மாடி கட்டினால், பக்கத்து வளவுக்காரர் கட்டாரில் இன்னும் இரண்டு வருஷம் நின்று மூன்று மாடி கட்டுவாரே, அந்தக் கணக்கு. 10 கிலோமீற்றர்தான் கூட. ஆனால் மதிலுக்கு மேலால் தெரிகிறதே!

மருமகன் போன பெருநாளுக்கு லீவில் வந்தான். 240-இல் போனவன் என்ற நடையே வேறு. கடற்கரையில் கார்னிவல் போட்டிருந்தார்கள். எந்த ஊர்க் கடற்கரை என்று கேட்காதீர்கள். கப்பல் ஊஞ்சலைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஏறினான். மூன்றாவது ஆட்டத்தில் அவன் போட்ட கூச்சல் அலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. இறங்கி வந்தவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அங்க பெல்ட் இருக்கி, கம்பியூட்டர் இருக்கி. இதுல ஒருத்தன் தடிய ஒத்தக் கையால புடிச்சிட்டு நிக்கான்."

பார்த்தேன். மற்றக் கையால் அவன் கச்சான் தின்றுகொண்டிருந்தான்.